கோ-பைலட்டுக்குக் கியூ, கேப்டனுக்குப் பஞ்சம்

பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை பக்கம், விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பைலட் ஆக முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். முதல்முறை அதற்கான பரிசோதனையைப் பல வருடங்களாக நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் செய்துவந்தார்கள். அதில் இது ஒன்று. காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு டீக்கடைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். கடைக்காரர் திருவண்ணாமலைக்காரர். "என்னப்பா, கண்ணு பாஸா?" என்று கேட்டுக்கொண்டே பன்னை நீட்டுவார்.

போன மாதம் அங்கே ஈரோட்டுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், பேப்பரைத் தொறந்தா பைலட் பற்றாக்குறைங்கறாங்க. என் சீனியருங்க பத்துப் பேரு லைசென்ஸ் வாங்கிட்டு ரெண்டு வருசமா வீட்ல இருக்காங்க. இதுல எது நெசம்?"

ரெண்டும் நிஜம்தான். இது எப்படி என்று புரிய, பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டுச் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் பிராந்திய விமான நிறுவனங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் காக்பிட்டில் உள்ள இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் கோ-பைலட், இடது பக்கம் கேப்டன். வலது நாற்காலிக்கு வர வணிக விமானி உரிமம் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் 70 சதவீத மதிப்பெண், 200 மணிநேரம் பறந்த அனுபவம். இதற்கு 50 லட்சத்திலிருந்து மேலே ஆகிறது. அதற்கு அப்புறம், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறோமோ அந்த ரகத்துக்குத் தனியாக டைப் ரேட்டிங். பல இடங்களில் அதையும் சேருகிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். பதினைந்து, இருபது லட்சம்.

இடது நாற்காலிக்கான உரிமத்துக்குக் குறைந்தது 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்தாலும் உடனே கேப்டன் ஆகிவிட முடியாது. நிறுவனம் தன் பங்குக்கு மணிநேரம் எதிர்பார்க்கும், சிமுலேட்டர் சோதனை உண்டு, பயிற்சிக் கேப்டனின் மேற்பார்வையில் பறந்து காட்ட வேண்டும். பணம் இருந்தால் 200 மணிநேரத்தை ஒன்றரை வருடத்தில் வாங்கிவிடலாம். 1,500 மணிநேரத்தைக் கடையில் வாங்க முடியாது. யாராவது வேலை கொடுத்துப் பறக்க விட்டால்தான் அது சேரும்.

2023 இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக விமானி உரிமங்களைக் கொடுத்தது. அத்தனை பேரும் வலது நாற்காலிக்கு வரிசையில் நிற்கிறவர்கள். செய்தித்தாள் சொல்லும் பற்றாக்குறையோ இடது நாற்காலியில். புதுக் கோ-பைலட் ஒருவரைத் தேற்ற ஒரு பயிற்சிக் கேப்டனின் பல வாரங்கள் போகின்றன. ஏழெட்டு விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தில் அப்படிப்பட்ட கேப்டன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால்தான் வாசலில் நூறு பேர் நின்றாலும் உள்ளே நாலு பேரைத்தான் விடுகிறார்கள். கேப்டனே கிடைக்காதபோது தற்காலிக அனுமதியில் வெளிநாட்டுக் கேப்டன்களைக் கொண்டுவந்து ஓட்டுவதும் உண்டு. வேலை தேடி அலையும் பையனுக்கு அதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர் இல்லையென்றால் அவன் பக்கத்தில் உட்காரவும் ஆள் இல்லை.

பெங்களூருக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய தொடர்பு. கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்ததே பெங்களூரு - ஹுப்பள்ளி வழியில்தான், ஏ.டி.ஆர். என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானத்தில். 2019 ஜனவரியில் ஸ்டார் ஏர் தொடங்கியதும் இதே ஊரை மையமாக வைத்துத்தான். 50 இருக்கை எம்ப்ரேயர் 145 இல் ஆரம்பித்து, பின்னால் 76 இருக்கை 175 ரகத்துக்கு வந்தார்கள். அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏரின் ஏ.டி.ஆர். விமானங்கள் இங்கிருந்து பறக்கின்றன. இண்டிகோவும் 2017 கடைசியில் ஏ.டி.ஆருக்கு வந்துவிட்டது. கோவாவின் ஃப்ளை91 நேற்று முளைத்தது.

ஏன் எல்லாரும் 80 இருக்கைக்குள்ளேயே நிற்கிறார்கள்? ஓடுபாதை குட்டை, பயணிகள் குறைவு என்பது பாதிக் காரணம். மீதி வரியில் இருக்கிறது. 80 இருக்கைக்குக் கீழே உள்ள உள்நாட்டு விமானங்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் இறங்கு கட்டணம் கிடையாது. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானம் என்றால் எரிபொருளுக்கு விற்பனை வரியும் குறைவு. இதற்கு மேல், சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2016 இல் அறிவித்த உடான் திட்டம். ஒரு மணிநேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்து, விழும் துண்டை மூன்று வருடம் அரசே ஈடுகட்டும் என்றார்கள். 2023 அக்டோபரில் சேலத்தில் நின்றுபோயிருந்த விமான சேவை பெங்களூரு - சேலம் - கொச்சி என்று மறுபடி துவங்கியது இந்தத் திட்டத்தில்தான்.

டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. எரிபொருள் விலை நம் கையில் இல்லை. விமானத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர் டாலரில் கேட்கிறார். கொஞ்சம் இழுத்துப் பிடிக்க முடிவது ஆட்செலவில் மட்டும்தான். பிராந்திய நிறுவனத்தின் சம்பளப் பேச்செல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பி.எஃப். பணம், ஊர் நிலத்தை விற்ற பணம், வங்கிக் கடன் எல்லாவற்றையும் போட்டுப் பையனைப் பைலட் ஆக்கினார். பையன் இப்போது ஒரு பிராந்திய நிறுவனத்தில் ஏ.டி.ஆர். கோ-பைலட். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 60 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 79,000 ரூபாயைத் தொடும். ஏ.டி.ஆர். கோ-பைலட்டின் ஆரம்பச் சம்பளம் பொதுவாக லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. "பைலட் மாப்பிள்ளை" என்று கல்யாணத் தரகர் வந்தால் அவன் அம்மா சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒருநாள் அவன் சம்பளச் சீட்டைக் காட்டினான். இரண்டு பகுதி. ஒன்று நிலையான தொகை. இன்னொன்று பறந்த மணிக்கு இவ்வளவு என்று வரும் பறப்புப் படி. நமக்குத் தெரியவேண்டியது, அந்த மணியை எங்கே எண்ண ஆரம்பிக்கிறார்கள் என்பது. சக்கரத்தின் கீழிருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரும் நிமிடத்தில் ஆரம்பம். போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் நிமிடத்தில் முடிவு. அதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் செய்வதெல்லாம் ட்யூட்டிதான், பறப்பு இல்லை.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஜெட் ஓட்டும் ஒரு கோ-பைலட் பெங்களூரிலிருந்து டெல்லி போய்த் திரும்புகிறார். போக 2 மணி 45 நிமிடம், வர அதே அளவு. 5 மணி 30 நிமிடம் பறப்பு. முன்னால் ஒரு மணிநேரம், பின்னால் அரை மணி, டெல்லியில் முக்கால் மணி. மொத்த ட்யூட்டி 7 மணி 45 நிமிடம். நம் பையன் பெங்களூரிலிருந்து ஓர் ஊருக்குப் போய்வந்து, இன்னோர் ஊருக்கும் போய்வருகிறான். 1 மணி 5 நிமிடம் வீதம் நான்கு செக்டார், அதாவது நாலு தடவை ஏறி இறங்குவது. பறப்பு 4 மணி 20 நிமிடம். நடுவில் மூன்று அரைமணிகள், முன்னும் பின்னும் அதே ஒன்றரை மணி. ட்யூட்டி 7 மணி 20 நிமிடம்.

வேலைநேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பறப்புக் கணக்கில் 70 நிமிடம் குறைவு. மாதம் 16 நாள் இப்படிப் பறந்தால் 18 மணிநேரத்துக்கு மேல் துண்டு. இத்தனைக்கும் டெல்லி போனவர் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கியிருக்கிறார். இவன் நாலு தடவை. பறப்பில் உடம்பும் மனசும் கூர்மையாக இருக்க வேண்டிய நேரம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். கஷ்டமான பகுதி இரண்டு மடங்கு, கூலி எண்ணும் பகுதி குறைவு. மணிக்கான தொகையே ஏ.டி.ஆரில் ஜெட்டைவிடக் குறைவாக இருப்பது வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வரும் அந்த அரைமணி எப்படிப் போகும் என்று கேட்டேன். ஏ.டி.ஆரின் வாலில் துணை இன்ஜின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அதில் வரும் மின்சாரத்திலும் காற்றிலும்தான் உள்ளே ஏ.சி. ஓட வேண்டும். இதற்கு ஓட்டல் மோட் என்று பெயர். "பேருலதான் மாமா ஓட்டல். ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு கலபுரகியில நின்னு பாருங்க, சட்டை முதுகோட ஒட்டிக்கும். அதுக்குள்ள லோடு ஷீட் வரும், எரிபொருள் கணக்கு பாக்கணும், அடுத்த ஊர் வானிலை பாக்கணும். அம்மா கட்டிக் குடுத்த லெமன் சாதத்தைப் பாதிநாள் தொறக்கறதே இல்லை" என்றான்.

பறப்பு மணி குறைந்தால் சம்பளம் அடிவாங்காமல் இருக்க, மாதத்துக்கு இத்தனை மணிக்கான படி நிச்சயம் என்று நிறுவனங்கள் உறுதி கொடுப்பது உண்டு. இந்த ஒரு எண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதை 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் பார்த்தோம். ஏர் இந்தியாவோடு இணைப்பதற்கு முன்னால் புது ஒப்பந்தம் போட்டு, உறுதியான 70 மணியை 40 ஆக்கினார்கள். நிறையப் பைலட்டுகள் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு போட, விமானங்கள் வரிசையாக ரத்தாயின. அது பெரிய கம்பெனி, செய்தியானது. சின்ன நிறுவனத்தில் பழுதான ஒரு விமானம் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் ஹேங்கரில் நின்றாலே எல்லாருடைய மணியும் இறங்கிவிடும். அது எந்தப் பேப்பரிலும் வராது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் சேருகிறார்கள்? மணிநேரத்துக்காக. பிராந்திய நிறுவனம் கொடுக்கும் உண்மையான சம்பளம், பறந்த மணியைக் குறித்துவைக்கும் லாக்புக்கில்தான் ஏறுகிறது என்பேன். மாதம் 60, 65 மணி கிடைத்தால் 200 இலிருந்து 1,500 க்குப் போக இருபது, இருபத்திரண்டு மாதம். அந்த நாள் வந்ததும் பையன் பெரிய கம்பெனியின் கதவைத் தட்டுவான். இது நிறுவனத்துக்கும் தெரியும். தெரிந்துதான் சேரும்போதே பாண்ட் எழுதி வாங்குகிறார்கள். மூன்று வருடம், ஐந்து வருடம். இடையில் போனால் பயிற்சிச் செலவைக் கட்டிவிட்டுப் போ என்று. சில இடங்களில் தேதி போடாத காசோலை வாங்கி வைத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பயிற்சிக்குச் சேர்ந்தவரிடமே பணம் வாங்கிவிட்டு, அதே பயிற்சிக்குப் பாண்டும் போடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நிறுவனமே செலவு செய்திருந்தால் பாண்ட் கேட்பதில் தப்பில்லை.

பாண்டைத் தாண்டினால் நோட்டீஸ். சாதாரண ஐ.டி. வேலையில் மூன்று மாதம் என்றாலே பெங்களூரில் புலம்புவார்கள். இங்கே 2017 இல் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். முன்னால் எல்லாருக்கும் ஆறு மாதமாக இருந்தது. நிறுவனமே விடுவித்துத் தடையில்லாச் சான்று கொடுத்தால் சீக்கிரம் போகலாம். 2023 இல் ஆகாசா ஏரிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட, நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வருட நோட்டீஸ் பயணிகளின் நலனுக்காக என்று சொல்லப்படுகிறது. திடீரென்று ஆள் போனால் விமானம் நிற்கும், அது சரிதான். ஆனால் ஒரு வருடம் கழித்து வரப்போகிறவருக்காக எந்தப் புது நிறுவனம் இடம் போட்டு வைக்கும்? விலகவே முடியாது என்றாகும்போது சம்பளத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடியும் நிறுவனத்துக்கு இல்லாமல் போகிறது.

எந்த ரகத்தில் டைப் ரேட்டிங் என்பதும் முக்கியம். ஏ.டி.ஆர். என்றால் இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 என்று மூன்று வாசல் இருக்கிறது. எம்ப்ரேயர் ஓட்டுகிறவருக்கு உள்நாட்டில் அவ்வளவு வாசல் இல்லை. வேறு ரகத்துக்கு மாற மறுபடி பணம், மறுபடி பாண்ட்.

அப்புறம் தூக்கம். டிசம்பர், ஜனவரியில் இப்போதைய விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் காலைப் பனி எப்படியிருக்கும் என்று முதல் விமானம் பிடித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருப் பையனுக்கு 5.50 புறப்பாடு என்றால் 3.15 க்கு வாசலில் கேப் வந்து நிற்கும். அவன் அம்மா இரண்டரைக்கு எழுந்து ஃபிளாஸ்கில் காபி ஊற்றுவார். எங்கள் ஜன்னலில் அந்தச் சமையலறை வெளிச்சம் விழும். குடித்திருக்கிறானா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை முடித்து, விமானத்தில் உட்கார்ந்து, ஓடுபாதை தெரிவதற்காக இரண்டு மணிநேரம் காத்திருப்பான். கட்டையை எடுக்காததால் பறப்புக் கணக்கு ஓடாது. ட்யூட்டிக் கடிகாரம் மட்டும் ஓடும். ஒரே நாளில் இறங்கும் எண்ணிக்கை கூடக்கூட அனுமதிக்கப்பட்ட ட்யூட்டி நேரம் சுருங்கும் என்பது விதி. நாலாவது செக்டாருக்கு வரும்போது நேரம் முடிந்திருக்கும். அவன் இறங்கி நடப்பான். கேட்டில் நிற்கும் பயணிகள் "பைலட்டுக்கு வேலை செய்ய வலிக்குதா" என்று கத்துவார்கள். நானும் ஒருதடவை ஹுப்பள்ளியில் அப்படிக் கத்தியவன்தான்.

இந்த விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் இறுக்கியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை 5 வரை என்றிருந்ததை 6 வரை நீட்டினார்கள். இரவில் இறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, அமல் தள்ளிப்போனது, வழக்கு டெல்லி உயர்நீதிமன்றத்தில் நடந்தது. கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பரில் மறுபகுதியும் அமலாயின. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், பெங்களூரு டெர்மினலில் சூட்கேஸ்கள் மலைபோல் குவிந்ததும் நினைவிருக்கும். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் இருந்தும் போதுமான ஆளை எடுத்து வைக்கவில்லை. விதியில் அவர்களுக்குத் தற்காலிகச் சலுகை கொடுத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள்.

பிராந்திய விமானங்கள் நடுராத்திரியில் அதிகம் பறப்பதில்லை. சில ஊர்களில் இருட்டினால் இறங்கவே வசதி இல்லை. ஆகவே இரவு இறக்கத்துக்கான வரம்பு அவர்களை அவ்வளவாகத் தொடாது. விடியற்காலை அப்படியல்ல. 6 மணி வரை இரவு என்றானபின் 5.15 க்கு ட்யூட்டி ஏறுவதும் இரவுப் பணி. வார ஓய்வு 48 மணி ஆனதும் அதே ரோஸ்டரை ஓட்டக் கூடுதலாக ஆள் வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனி அந்த ஆளை எங்கிருந்து எடுக்கும்? ஏ.டி.ஆரில் மணிநேரம் சேர்த்து, அனுபவத்தோடு தயாராக இருப்பவர்களிடமிருந்துதான். பெங்களூரில் ஒரு ஜெட் கம்பெனி விளம்பரம் கொடுத்தால், கலபுரகி விமானத்துக்கு ஆள் குறைகிறது.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பயம் இருக்கிறது, அதைப் பையன்கள் சத்தமாகச் சொல்வதில்லை. ஏர் டெக்கான் கிங்ஃபிஷரோடு இணைந்தது. கிங்ஃபிஷர் 2012 இல் மாதக்கணக்கில் சம்பள பாக்கியோடு நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். சேலத்துக்கு 2018 இல் விமானம் விட்ட ட்ரூஜெட் 2022 இல். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒவ்வொரு தடவையும் சில நூறு, சில ஆயிரம் அனுபவசாலிகள் சந்தைக்கு வந்து, 200 மணிநேரப் பிள்ளைகளின் வரிசையை இன்னும் பின்னால் தள்ளினார்கள். பைலட் பறக்காமல் உட்கார்ந்தால் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கவும் செலவுண்டு: மருத்துவச் சான்று, சிமுலேட்டர், திறன் சோதனை.

ஈரோட்டுப் பையனிடம் இதில் கால்வாசியைத்தான் டீ ஆறுவதற்குள் சொல்ல முடிந்தது. எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: டைப் ரேட்டிங் செலவு யாருடையது, மாதம் எத்தனை மணிக்கு உறுதி, போன ஆறு மாதத்தில் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது. மூன்றாவதை எச்.ஆரிடம் கேட்காதே, அங்கே இருக்கும் கோ-பைலட்டிடம் கேள் என்றேன். அதை மட்டும் போனில் குறித்துக்கொண்டான்.

எங்கள் தெருப் பையனின் லாக்புக் போன ஞாயிற்றுக்கிழமை 1,412 மணியில் இருந்தது. பாண்ட் முடிய இன்னும் பதினான்கு மாதம். அதற்கு மேல் ஆறு மாத நோட்டீஸ். அவன் அம்மா ராணிமுத்து காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அது பாண்ட் முடியும் நாளா, கடன் முடியும் நாளா என்று கேட்டேன். "வட்டி கட்ற நாளுங்க, மாசா மாசம் போடுவேன்" என்றார்.